லாக்கப்பிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை
(நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1973 ஜூலை 17 அன்று வி. ஆர். கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்றபோது வழக்கறிஞர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு முன்புதான் ஷெலட், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ. என். ரேயைத் தலைமை நீதிபதியாக்கியிருந்தார்கள். அரசுக்கு இசைவானவர்களைக் கொண்டு நீதிமன்றத்தை நிரப்பப் பார்க்கிறார்கள் என்ற அச்சம் நாடெங்கும் இருந்த நேரம். அந்த நேரத்தில், ஒரு மாநில அரசில் அமைச்சராக இருந்த ஒருவர், அதுவும் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்தவர், உச்ச நீதிமன்றத்துக்கு வருகிறார். எதிர்த்தவர்களில் சோலி சொராப்ஜியும் ஒருவர். பின்னாளில் தம் கணிப்பு தவறு என்று வெளிப்படையாகச் சொன்னவரும் அவரே.

எதிர்த்தவர்களின் கவலையில் நியாயம் இருந்தது. இன்றும் ஒருவர் கட்சி மேடையிலிருந்து நேராக நீதிமன்ற இருக்கைக்குப் போனால் நானும் கவலைப்படுவேன். ஆனால் கிருஷ்ணய்யர் விஷயத்தில் நடந்தது வேறு. அவருடைய தீர்ப்புகளில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடங்கள், சட்டப் புத்தகத்தை மட்டும் படித்த ஒருவர் எழுதியிருக்க முடியாத இடங்கள். லாக்கப்பில் இருந்தவருக்கும், வாசல் வாசலாகப் போய் ஓட்டுக் கேட்டவருக்கும், கோப்பில் கையெழுத்துப் போட்டு அது எங்கே போய்த் தேங்குகிறது என்று பார்த்தவருக்கும் தெரிந்த விஷயங்கள் அங்கே இருக்கின்றன. இன்று உங்களிடம் பேச வந்திருப்பது அதைப் பற்றித்தான்.

பாலக்காட்டு வைத்தியநாதபுரம் அவருடைய பூர்வீகம். தமிழ் பேசும் குடும்பம். தந்தை ராம ஐயர் மலபாரில் பெயர் பெற்ற வக்கீல். மகன் பாலக்காடு விக்டோரியா கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னைச் சட்டக் கல்லூரி என்று படித்துவிட்டு, 1930களின் இறுதியில் தலச்சேரியில் தொழிலுக்கு வந்தார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஜன்மிகள் என்ற நிலவுடைமையாளர்களின் நிலத்தில் குடியானவர்கள் பாடுபட்ட ஊர். பெரிய வக்கீலின் மகனுக்கு ஜன்மிகளின் வழக்குகளே போதும், வீட்டில் செல்வம் சேரும். இவர் குத்தகைக்காரர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் ஆஜரானார். அவர்களில் பலர் கம்யூனிஸ்டுகள்.

1948-இல் அந்தக் கட்சிக்காரர்களைப் போலீஸ் தேடித் தேடிப் பிடித்தது. விசாரணை என்ற பெயரில் அடித்தது. அடிப்பதைத் தட்டிக்கேட்ட வக்கீலையும் பிடித்து உள்ளே வைத்தது. கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்பது குற்றச்சாட்டு. ஏறத்தாழ ஒரு மாதம் காவலில் இருந்தார். சட்டம் படித்த மாணவர்கள் இதைச் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். கட்சிக்காரருக்காக வாதாடுவதுதான் வக்கீலின் தொழில். அந்தத் தொழிலைச் செய்ததே குற்றமானது. முப்பது ஆண்டுகள் கழித்து, கைதி தனக்கு விருப்பமான வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போலீஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம் என்று நந்தினி சத்பதி வழக்கில் அவர் எழுதியபோது, எழுதிய கை எதை நினைத்திருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

1952-இல் முதல் பொதுத்தேர்தல். கூத்துபறம்பு தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்று சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். அரசினர் தோட்டத்தில் புதிதாகக் கட்டிய மண்டபத்தில், ராஜாஜி முதலமைச்சராக இருந்த அந்த அவையில் எதிர்வரிசையில் உட்கார்ந்தார். 1956 நவம்பரில் மலபார் கேரளத்தோடு போனது. அடுத்த ஆண்டு தலச்சேரியிலிருந்து கம்யூனிஸ்டுகள் ஆதரவு பெற்ற சுயேச்சையாகக் கேரளச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1957 ஏப்ரல் 5 அன்று இ. எம். எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவை பதவியேற்றது. இவருக்குச் சட்டம், உள்துறை, சிறை, மின்சாரம், பாசனம் எல்லாம் வந்து சேர்ந்தன.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தன்னைப் பிடித்து உள்ளே வைத்த போலீஸும், பூட்டு போட்ட சிறையும் இப்போது அவருடைய மேசைக்குக் கோப்பு அனுப்பின. அந்த இடத்தில் பழி தீர்க்கத் தோன்றாத மனிதர் அரிது. இவரோ சிறையைச் சீர்திருத்தப் பார்த்தார், ஏழைகளுக்கு அரசுச் செலவில் வக்கீல் வைக்க வழி செய்தார். இந்தியாவில் இலவசச் சட்ட உதவி என்று நாம் இன்று சொல்வதன் ஆரம்ப அடிகளில் ஒன்று அந்த அமைச்சரவையில் வைக்கப்பட்டது.

அந்த அரசு நிலைக்கவில்லை. குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம், நில உறவு மசோதா, கல்வி மசோதா என்று ஒவ்வொன்றும் பெரும் எதிர்ப்பைக் கிளப்ப, விமோசன சமரம் என்ற கிளர்ச்சி மூண்டது. 1959 ஜூலை 31 அன்று, சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருக்கும்போதே, 356-ஆம் பிரிவின் கீழ் ஆட்சி கலைக்கப்பட்டது. அவர் நீதிபதியான பின், 1974-இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவரும் ஆளுநரும் பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதில் கிருஷ்ணய்யர் தமக்கும் சக நீதிபதி பகவதிக்கும் சேர்த்துத் தனியாக எழுதினார். அந்தப் பக்கங்களில் ஒரு நாற்காலியை இழந்த அமைச்சரின் கோபத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே பதில் சொல்ல வேண்டியவர்கள், ஆகவே முடிவும் அவர்களுடையது என்ற தெளிவுதான் இருக்கிறது.

1960 தேர்தலில் ஒரு கைப்பிடி வாக்குகளில் தோற்றதாக அறிவித்தார்கள். தேர்தல் வழக்குப் போட்டார். தீர்ப்பு அவர் பக்கம் வந்து மறுபடி உறுப்பினரானார். அதன்பின் முழுநேர வக்கீலாகத் திரும்பி, 1968 ஜூலையில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, 1971-இல் மத்திய சட்ட ஆணையத்தில் உறுப்பினர். நாடு முழுமைக்கும் சட்ட உதவி எப்படி அமைய வேண்டும் என்று ஆராய்ந்த குழுவுக்கும் அவரே தலைவர். 1973 மே மாதம் அந்த அறிக்கை வந்தது. இன்று வட்டந்தோறும் இருக்கும் சட்டப்பணிகள் குழுக்களுக்கு அதுதான் மூல வரைபடம்.

இப்போது 1975 ஜூனுக்கு வருகிறேன். அவருடைய வாழ்க்கையில் மக்கள் மறக்காத ஒரே மாதம் அதுதான். ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா, ராஜ் நாராயண் தொடுத்த வழக்கில் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றார். உச்ச நீதிமன்றம் கோடை விடுமுறையில் இருந்தது. விடுமுறைக் கால நீதிபதி கிருஷ்ணய்யர். மேல்முறையீடு தாக்கலாவதற்கு முன் சட்ட அமைச்சர் எச். ஆர். கோகலே தொலைபேசியில் அழைத்து, நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்க வேண்டியதில்லை, மனுவைப் பதிவாளரிடம் கொடுத்தால் போதும் என்று சொல்லி வைத்துவிட்டார் நீதிபதி. அவரே பின்னாளில் சொன்ன செய்தி இது.

பிரதமருக்காகப் பல்கிவாலாவும், ராஜ் நாராயணுக்காக சாந்தி பூஷணும் வாதாடினார்கள். ஜூன் 24 அன்று உத்தரவு. பிரதமராகத் தொடரலாம், அவைக்கு வரலாம், பேசலாம். ஆனால் உறுப்பினர் என்ற முறையில் வாக்களிக்கக் கூடாது, அதற்கான ஊதியமும் பெறக் கூடாது. கேட்டது அலகாபாத் தீர்ப்புக்கு முழுமையான தடை. கிடைத்தது நிபந்தனையுள்ள தடை. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்துவிட்டது.

அரசுக்கு இசைவாக இருப்பார் என்று சந்தேகிக்கப்பட்டவர் கொடுத்த உத்தரவு அது. பிரதமரை அன்றே பதவியிலிருந்து இறக்கியிருக்க வேண்டும் என்று இன்றும் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேர்தல் வழக்குகளில் அதற்கு முன் எத்தனையோ சாதாரண உறுப்பினர்களுக்குக் கொடுத்த உத்தரவையே நாட்டின் பிரதமருக்கும் கொடுத்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த உத்தரவில் என்னை நிறுத்தியது இன்னொரு இடம். சட்டம் கடுமையாக இருந்தாலும் நீதிமன்றத்துக்கு அது சட்டம்தான், அதை மாற்ற விரும்பினால் விழிப்போடு இருந்து மாற்ற வேண்டியது சட்டமியற்றும் அவை என்ற பொருளில் எழுதுகிறார். அவையில் உட்கார்ந்து மசோதாவின் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் கை தூக்கியவரின் வாக்கியம் அது. எது யாருடைய வேலை என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். நாடாளுமன்றம் அந்த ஆகஸ்டிலேயே தேர்தல் சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்திக்கொண்டது. அந்தக் கதை வேறு.

இனி, நான் மிகவும் மதிக்கும் வழக்குக்கு வருகிறேன். நாடு பேசிய வழக்கு அல்ல. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவர், பெயர் மோதி ராம். உச்ச நீதிமன்றமே அவருக்கு ஜாமீன் கொடுத்துவிட்டது. ஆனால் எவ்வளவு தொகை என்று குறிப்பிடவில்லை, கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்தி தரும்படி என்று விட்டுவிட்டது. மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு சூரிட்டி கேட்டார். 1978-இல் ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய். எப்படியோ அவருடைய அண்ணன் தம்பியில் ஒருவர் தன் சொத்தைக் காட்டி ஜாமீன் நிற்க வந்தார். அந்தச் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, ஏற்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். ஜாமீன் கிடைத்த மனிதர் சிறையிலேயே இருந்தார்.

இங்கே என் சொந்த அனுபவத்தைச் சொல்ல அனுமதியுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சின்ன ஊர் நீதிமன்றத்தில் பெயில் ஆர்டர் வாங்கினேன். கல்லுடைக்க வந்த வெளியூர்ப் பையன், வயது இருபதுக்குள். இரண்டு பேர் சூரிட்டி, அதில் ஒருவர் ரத்த உறவு என்று நிபந்தனை. அவனுடைய அம்மா பஸ் பிடித்து வந்து சேர இரண்டு நாள். கையில் ரேஷன் கார்டு, மஞ்சள் பையில் வீட்டு வரி ரசீது. ரசீது இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் சொத்து மதிப்புச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அந்த அம்மா திரும்பவும் ஊருக்குப் போனார். இடையில் சனி, ஞாயிறு, ஒரு பண்டிகை விடுமுறை. ஆர்டர் கிடைத்த பதினொன்றாம் நாள் பையன் வெளியே வந்தான். அந்தப் பதினொரு நாளும் ஆர்டர் நகல் என் கைப்பையில்தான் இருந்தது. வெற்றி பெற்ற வக்கீல் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன முதல் நாளை நினைத்தால் இப்போதும் மனது கூசுகிறது.

மோதி ராம் தீர்ப்பை அதற்குப் பிறகுதான் முழுதாகப் படித்தேன். கிருஷ்ணய்யர் அதில் ஒரு கேள்வி கேட்கிறார். ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ ஆந்திரரோ, பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்கிறார். இந்த நாட்டில் எந்த ஊர்க்காரனும் எந்த ஊரிலும் அந்நியன் அல்ல என்பது அவர் வாதம். மோதி ராமை ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணைப் பத்திரத்திலேயே விடச் சொன்னார். ஜாமீன் என்ற சொல்லுக்குச் சொந்தப் பத்திரத்தில் விடுவதும் அடங்கும் என்று அகலமாகப் பொருள் கொடுத்தார். மாணவர்களே, நாளைக்கு நீங்கள் நிற்கப்போகும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வெளியூர் சூரிட்டியைத் தள்ளினால் எடுத்துக் காட்டுங்கள், மோதி ராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு, 1978. உங்களிடம் ஃபீஸ் கொடுக்க முடியாத கட்சிக்காரருக்காகத்தான் அதை எழுதி வைத்திருக்கிறார்.

சிறை வழக்குகளும் அப்படியே. திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, தனிக்கொட்டடியில் வைத்திருப்பதை எதிர்த்து வந்தார். நீதிபதிகள் சிறைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். 1978 ஆகஸ்டில் தீர்ப்பு. அதே பத்ரா மறுபடி ஒரு கடிதம் எழுதினார். இம்முறை தனக்காக அல்ல. வேறொரு கைதியை வார்டர் பணம் கேட்டுக் கொடூரமாகச் சித்திரவதை செய்ததை எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். கோர்ட் கட்டணம் இல்லை, வக்காலத்து இல்லை, பிரமாண வாக்குமூலம் இல்லை. 1979 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பில் கைதிகள் குறைகளை எழுதிப்போட சிறைக்குள் பெட்டி வைக்க வேண்டும், மாவட்ட நீதிபதிகள் சிறைக்கு வந்து நேரில் கேட்க வேண்டும், வக்கீல்களை உள்ளே விட வேண்டும் என்றெல்லாம் வரிசையாக ஏற்பாடுகள் சொன்னார். சிறைத் துறையை நடத்தியவர் என்பதால், மனிதாபிமானத்தோடு நடத்துங்கள் என்று பொதுவாக எழுதினால் கண்காணிப்பாளர் மேசையில் அது உறங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

ரத்லம் நகராட்சி வழக்கையும் இந்த வரிசையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அந்த ஊரில் புதுத் தெருக்காரர்கள் திறந்த சாக்கடைக்கும், கழிப்பிடம் இல்லாமல் தெருவோரமே கழிப்பிடமானதற்கும், சாராய ஆலைக் கழிவுக்கும் நடுவில் குடியிருந்தார்கள். நகராட்சி சொன்ன பதில், பணம் இல்லை. நம்மில் பலர் இந்தப் பதிலைக் கேட்டிருக்கிறோம். 1980 ஜூலையில் கிருஷ்ணய்யர், நிதி இல்லை என்பது மனிதர்களின் அடிப்படைத் தேவைக்குப் பதிலாகாது என்றார். அத்தோடு விடவில்லை. செலவைச் சுருக்க என்ன செய்யலாம், மாநில அரசு எப்படிக் கைகொடுக்க வேண்டும், கொசு ஒழிப்பை யார் பார்க்க வேண்டும், எதற்கு எவ்வளவு கெடு, செய்யாவிட்டால் எந்த அதிகாரி மீது நடவடிக்கை என்று இறங்கி எழுதினார். பட்ஜெட் போட்டுப் பார்த்தவரிடம் பணமில்லை என்று சொல்லித் தப்ப முடியவில்லை.

பணியில் பெண் என்பதால் பாகுபாடா என்று கேட்ட முத்தம்மா வழக்கு, கைவிலங்கு வழக்கு, கடனைக் கட்ட முடியாதவரைச் சிறையில் தள்ளலாமா என்ற வழக்கு, தொழில் என்றால் என்ன என்று வரையறுத்த பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கு எல்லாம் நேரம் கருதித் தாண்டிப் போகிறேன். ஒவ்வொன்றும் தனிச் சொற்பொழிவுக்கு உரியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அவருடைய ஆங்கிலம் மிகக் கடினம். ஏழைக்காக எழுதிய தீர்ப்பை ஏழையின் வக்கீலே அகராதி வைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருந்தது. தாமே எளிமையாக எழுதியிருந்தால் கீழ்க்கோர்ட்டுகளில் அவை இன்னும் ஆழமாக வேர்விட்டிருக்கும் என்பது என் வருத்தம். 1979-இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில் தூக்குத் தண்டனையை எப்போது கொடுக்கலாம் என்று அவர் போட்ட கோடு, நாடாளுமன்றம் போட வேண்டிய கோடு என்று பலர் கருதினார்கள். மறு ஆண்டே பச்சன் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்கவில்லை. எது யாருடைய வேலை என்று 1975-இல் அவ்வளவு தெளிவாக இருந்தவர் இங்கே எல்லையைத் தாண்டினார் என்றுதான் நானும் நினைக்கிறேன். தூக்குக் கயிற்றை வெறுத்ததில் அவரோடு முழுதும் உடன்படுகிறேன். அதைத் தீர்ப்பின் வழியே கொண்டுவர முயன்றதில்தான் கருத்து வேறுபாடு.

1980 நவம்பர் 14 அன்று ஓய்வு. அதற்கு மூன்று நாள் முன்பு மாரு ராம் வழக்கில் தீர்ப்பு தந்தார். தண்டனைக் குறைப்பு அதிகாரத்தை ஆளுநர் தன்னிச்சையாகப் பயன்படுத்த முடியாது, அமைச்சரவை சொன்னபடிதான் என்பது அதில் ஒரு முடிவு. நம் மாநிலத்தில், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் விடுதலைக்கான வழக்கில் இந்தக் கருத்துதான் நின்று பேசியது. 2022 மே 18 அன்று அவர் விடுதலையானார். அவரைத் தூக்கிலிடக் கூடாது என்று தள்ளாத வயதிலும் எழுதியும் பேசியும் வந்தவர் கிருஷ்ணய்யர். அந்த நாளைப் பார்க்க அவர் இல்லை. 2014 டிசம்பர் 4 அன்று கொச்சியில் காலமாகிவிட்டார்.

ஓய்வுக்குப் பிந்தைய முப்பத்து நான்கு ஆண்டுகளில் 1987-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகள் சார்பில் நின்று ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். எதிரே நின்றவரும் சென்னையில் சட்டம் படித்து, தொழிலாளர் வழக்குகள் நடத்தி, அமைச்சரானவர்தான். ஒரே மாகாணத்து வழக்கறிஞர் மரபிலிருந்து இருவர் அந்தத் தேர்தலில் நேருக்கு நேர் நின்றார்கள். கிருஷ்ணய்யர் அதன்பின் எர்ணாகுளம் ‘சத்கமய’ வீட்டுக்குத் திரும்பி, வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

சட்டப்பணிகள் குழு வக்கீலாகப் பல ஆண்டுகளாக ஒரு கிளைச் சிறைக்குப் போய் வருகிறேன். வாசலைத் தாண்டியதும் இடது பக்கச் சுவரில் ஒரு தகரப் பெட்டி, பச்சை வண்ணம், சின்னப் பூட்டு. பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். சென்ற மாதம் நீதிபதி வந்து திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். மூன்று காகிதங்கள் இருந்தன. ஒன்றில் பல்வலி, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று இருந்தது. இரண்டாவதில் வெறும் ஒரு தொலைபேசி எண், கீழே ‘அம்மா’ என்று எழுதியிருந்தது. மூன்றாவது பீடிக் கட்டுச் சுற்றிய தாளின் உட்புறம். பெயில் ஆர்டர் வந்து இருபது நாள் ஆகிறது, சூரிட்டிக்கு ஆள் இல்லை, என் ஊர் தூரம் என்று பென்சிலில் எழுதியிருந்தது. நீதிபதி அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மறுநாள் காலை பத்தரைக்கு மனுவோடும் மோதி ராம் தீர்ப்பின் நகலோடும் கோர்ட்டில் இருந்தேன்.